மதிப்பு என்னும் கட்டம்

வெளிநாட்டுக்கு அனுப்பும் பொதியின் மேல் ஒட்டப்படும் சுங்க அறிவிப்புச் சீட்டைப் போலச் சுருக்கமான உரைநடையை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. பெர்ன் நகரிலுள்ள உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த படிவம் அது. சிறிய பொதிக்கு சிஎன் 22, மதிப்பு கூடினால் சிஎன் 23. பொருள் என்ன, எத்தனை, எடை எவ்வளவு, அன்பளிப்பா விற்பனையா? இவற்றுக்கு விடை எளிது. கடைசியாக நிற்பது மதிப்பு.

அம்மா மறைந்தபின் டொராண்டோவில் இருக்கும் தங்கை கேட்டது ஒன்றைத்தான்: அம்மாவின் கோரா சேலை. சிறுமுகைத் தறியில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது. துவைத்துத் துவைத்துக் கரை வெளுத்துவிட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரிடம் போட்டால் ஒரு கிண்ணம் கிடைக்கலாம்.

"பழசுதானுங்களே சார், நூறு ரூபாய்னு போட்டுருங்க. அங்க வரிகிரி போட்டுறப் போறாங்க" என்றார் அஞ்சலகத்து அம்மணி. அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் அந்த அச்சத்துக்கு இங்கே இடமில்லை. அன்பளிப்பென்றால் கனடாவில் 60 கனடா டாலர் வரை வரி கிடையாது. பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ. அன்புக்கு ஒவ்வொரு நாடும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பது வேடிக்கைதான். 2025 ஆகஸ்டு 25 முதல் அமெரிக்காவுக்கான அஞ்சல் தடைபட்டபோதும், தொடக்கத்தில் கடிதங்களோடு 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் மூட்டைகளின் மேல் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. அந்த மூட்டைகளுக்குள் யாருடைய பழஞ்சேலையாவது இருந்ததா என்பதைப் புலவர் சொல்லவில்லை.

அதே எண்ணுக்கு மறுபக்கமும் உண்டு. பொதி தொலைந்தால் எழுதிய மதிப்பே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். காப்பீடு செய்தாலும் உண்மை மதிப்புக்கு மேல் செய்யக் கூடாது, குறைத்துச் செய்யலாம். மனவேதனையை இழப்பீட்டில் கணக்கிடுவதில்லை என்று அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கையே கூறுகிறது. அந்த வரியை எழுதியவர் நிறையக் கடிதங்களைப் படித்திருக்க வேண்டும்.

சுங்கத்துக்குக் குறைத்தும் காப்பீட்டுக்குக் கூட்டியும் ஒரே சேலையை இரண்டு சேலையாக்க எனக்கு மனமில்லை. யாராவது ஊருக்கு வந்து திரும்பும்போது கொடுத்தனுப்பலாமா என்று தங்கையிடம் கேட்டேன். "அதுவரைக்கும் வாசம் இருக்காதுண்ணா" என்றாள். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

உடுத்திய கோரா சேலை, ஒன்று, அன்பளிப்பு, ரூ. 400 என்று எழுதினேன். அந்நிலையில் இருக்கும் சேலையை யாரேனும் விலைக்குக் கேட்டால் அவ்வளவுதான் தருவார்கள். பதிவு எண்ணைத் தங்கைக்கு அனுப்பினேன். மறுநாள் விடியுமுன்னே அவளிடமிருந்து செய்தி: "அம்மா கோயம்புத்தூரத் தாண்டியாச்சு."