ரோட்டில் காயும் நெல்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கலுக்கு என் மைத்துனர் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வந்தார். காரை விட்டு இறங்கும்போதே குறைப்பட்டுக்கொண்டார். "ரோட்டையே களமாக்கி வெச்சிருக்காங்க அத்தான். வண்டி சறுக்கினா யார் பதில் சொல்றது?" பண்டிகை நாளில் எதற்குப் பேச்சு என்று நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மாட்டுப் பொங்கல் இரவு நல்ல மழை. அவரும் அவர் மகளும் திண்ணையில் நின்று ரசித்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் நாற்று விட்ட ஆந்திரா பொன்னி, இரண்டு ஏக்கரும் அறுப்புக்கு நின்றது.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் சாய்ந்துகிடந்தது. கூடவே வந்த மைத்துனர், "சாஞ்சா என்ன அத்தான், நெல்லு அப்படியேதானே இருக்கு?" என்றார். தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும் என்றேன். அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்க என்னோடு இறங்கினார்.

மூன்று நாள் கழித்துத்தான் பெல்ட் வண்டி கிடைத்தது. கொள்முதல் நிலையத்துக்கு மாதிரி எடுத்துப் போனோம். ஈரப்பதம் 21 சதவீதம் காட்டியது. 17-க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் ஊரில் உலர்களம் கிடையாது. ரோட்டைத் தவிர எங்கே கொட்டுவது?

மைத்துனர் லீவை நீட்டிக்கொண்டு, வெயிலில் நின்று காலால் நெல்லைக் கிளறிவிட்டார். ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?" என்று சத்தம் போட்டார். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் இதைத்தானே அத்தான் சொன்னேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நெல்லில் சறுக்கி எங்கள் ஊர்ப் பையனே கை முறிந்து கிடந்திருக்கிறான். தப்பு என்னுடையதும்தான். வருடாவருடம் புது அரிசியும் தேங்காயும் கட்டிக் கொடுத்து அனுப்புவேன். அந்த அரிசி மூட்டைக்குள் போக என்ன பாடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல், 'பட்டணத்துக்காரருக்கு என்ன தெரியும்' என்று நினைத்துக்கொள்வேன்.

ஊருக்குக் கிளம்பும் முன், உலர்களம் கேட்டு அவரே மனு எழுதினார். ஜனவரி 26 கிராமசபையில் அதைக் கொடுத்தோம். களம் இன்னும் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தை மாதத்தில் வானம் கறுத்தால், சென்னையிலிருந்து முதல் போன் அவருடையதுதான்.

"அத்தான், அறுத்தாச்சா?"