அடுத்தடுத்த இரு நாள்கள்

பொங்கல் கழிந்த வாரத்தில் திருப்பூருக்கு வருபவர்களுக்கு அது வேறோர் ஊர் என்றே தோன்றும். தென்மாவட்டங்களுக்குப் பேருந்தேறியவர்கள் இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள். பனியன் நிறுவனங்களின் கதவுகள் பாதி திறந்திருக்கும். உள்ளே தையல் இயந்திரங்களில் பாதி உறை போர்த்திக் கிடக்கும். அப்படியொரு வாரத்தின் இறுதியில், 2024 ஜனவரி 20, 21 ஆகிய இரு நாள்களில், நாங்கள் இரண்டு ஓட்டங்களில் கலந்துகொண்டோம். சனிக்கிழமை 42.195 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 21 கிலோமீட்டர். இரண்டாவதை நாங்கள் முடிக்கவில்லை.

நாங்கள் என்பது இருவர். மூத்தவர் பள்ளித் தமிழாசிரியர், வயது 52. இளையவர் பனியன் நிறுவனமொன்றில் கட்டிங் மாஸ்டர், வயது 38. இக்கட்டுரையை ஒருவர் எழுத மற்றவர் திருத்தினார். யாரேனும் ஒருவர் 'நான்' என்று எழுதினால் நடந்தவற்றில் ஒரு பாதி மறைந்துகொள்ளும் என்று இருவருக்குமே பட்டதால் இந்த ஏற்பாடு.

சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் விடியுமுன் நடக்க வருவோரில் நாங்களும் இருந்தோம். நடை ஓட்டமாயிற்று. ஓட்டத்தின் தூரம் கூடிற்று. எங்கள் பேச்சு பெரும்பாலும் புத்தகங்களைப் பற்றியதாக இருக்கும். இளையவர் 'மணல்கடிகை'யைப் படித்துவிட்டு, "நம்ம கைமடிப் பசங்களப் பத்தியெல்லாம் எழுதலாமுங்களா சார்?" என்று வியந்த காலை மூத்தவருக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஓடுவது குறித்து இளையவரின் நிறுவனத்தில் நிலவிய கருத்தையும் சொல்லிவிட வேண்டும். செக்கிங் பிரிவிலிருந்த அம்மாள் ஒருவர் ஒருநாள் கேட்டாராம்: "ஏனுங் மாஸ்டர், அத்தன தூரம் ஓடுனா எவ்வளவு தருவாங்க?" அவர்கள் தரமாட்டார்கள், நாம்தான் கட்ட வேண்டும் என்று இவர் விளக்கியதும் அந்த அம்மாள் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, "காலைல எட்டரைக்கு நின்னா ராத்திரி எட்டரை வரைக்கும் நாங்களும் நிக்கறோமுங், எங்களுக்கு ஒரு மெடல் வாங்கிக் குடுங்" என்றாராம். அவர் கேலி செய்யவில்லை, நிசமாகவே கேட்டார் என்பது இளையவரின் கணிப்பு. ஒன்றரை ஷிப்டை நாள்தோறும் பார்க்கும் ஊரில் தாங்குதிறன் என்ற சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அது கூலியின் ஒரு பகுதி, அவ்வளவே.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஆண்டு முழுவதும் இளையவருக்கு அன்று விடுப்புக் கிடையாது. சனிக்கிழமையில் ஓட்டம் வைப்பதும் அரிது. அந்த ஆண்டு பொங்கலுக்கு மறுவாரம் எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் ஓட்டம் சனிக்கிழமையில் அமைந்தது. மறுநாளே உடுமலைப் பக்கம் இன்னொன்று. இளையவர் இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டு வந்து நின்றார். "ஒரு வருசத்துக்கே ஒரு சனிக்கிழமதானுங் சார். ரெண்டையும் பார்த்துரலாம்."

தடுத்திருக்க வேண்டிய மூத்தவர் செய்தது வேறு. அவர் பாவோ நூர்மியின் கதையைச் சொன்னார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலை 10 அன்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் 1500 மீட்டரையும் 5000 மீட்டரையும் வென்ற பின்லாந்துக்காரர் அவர். 12ஆம் தேதி கொளுத்தும் வெயிலில் நாட்டுப்புறப் பாதையில் பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம். கிளம்பியவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். பலர் பாதையோரம் சுருண்டு விழுந்தனர். பின்லாந்தின் மூன்றாம் வீரர் லீமத்தைனன் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னதாகவே, ஓட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்து நின்றுவிட்டார். நூர்மியோ வென்று, மறுநாள் 3000 மீட்டர் குழு ஓட்டத்திலும் இறங்கித் தங்கம் பெற்றார். அவருடைய தோழர் வில்லே ரிதோலாவும் அந்த இரு நாள்களிலும் ஓடினார். கோடைக்கால ஒலிம்பிக்கில் அந்த நாட்டுப்புற ஓட்டம் அதன்பின் நடத்தப்படவே இல்லை.

கதையை மூத்தவர் நன்றாகவே சொன்னார். விட்டுவிட்ட பகுதியொன்று உண்டு. அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் நூர்மியை இறக்க அவருடைய நாட்டு அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அவர் உடல்நிலையை எண்ணி அப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். நூர்மிக்குக்கூட 'வேண்டாம்' என்று சொல்ல யாரோ இருந்தார்கள். நம்மூர்க்காரர் வேண்டுமே என்று மூத்தவர் புதுக்கோட்டை லட்சுமணனையும் சேர்த்துக்கொண்டார். 2017இல் புவனேசுவரத்தில் நான்கு நாள் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றவர் அவர். அந்த வெற்றிக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பதை அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ஓட்டம் ஊத்துக்குளி சாலைப் பக்கம் தொடங்கி, நஞ்சராயன் குளத்தை ஒட்டிய ஊர்ப்பாதைகளில் இரண்டு சுற்றாக அமைந்திருந்தது. குளம் அப்போது பறவைகள் சரணாலயம் மட்டுமே. ராம்சர் பட்டியலில் சேர்ந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்தான். முதற் சுற்றில் பனி. நீர்மேல் புகைபோல் எழும்பியிருந்ததற்கு அப்பால் வாத்துகளின் குரல் மட்டும் கேட்டது. இமயத்தைத் தாண்டி இக்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளாக இருக்கலாம் என்று மூத்தவர் சொல்ல, இளையவர், "அதுகளும் ரெண்டு நாள்ல வந்துருமுங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே ஓடினோம். அந்த ஒன்றரை மணி நேரம் போல் இனியதொரு பொழுது எங்களுக்கு வாய்த்ததில்லை.

இரண்டாம் சுற்றில் வெயில் ஏறிற்று. இளையவர் முன்னே போய்விட்டார். அவர் 4 மணி 5 நிமிடத்தில் முடித்தார். மூத்தவர் வந்து சேர மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பதக்கத்தோடு கொடுத்த டி-சர்ட்டை இளையவர் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். பாலியஸ்டர். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். "பிளாட்லாக் சுத்தமா ஓட்டியிருக்கானுங்க சார். நம்மூருதான்." அப்போது அவர் படியிறங்கிய விதம் சரியில்லை. தொடைகள் மடங்க மறுத்தன. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். மாரத்தான் ஓடியவர்கள் எல்லாரும் அப்படித்தான் இறங்குவார்கள் என்பதால் அதை ஒரு பொருட்டாக நாங்கள் கொள்ளவில்லை.

மாலையில் மூத்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மூத்தவர் தம் பையிலிருந்து வலி மாத்திரைகள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். இளையவர் விழுங்கினார். சற்று நேரம் கழித்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "பீட்ரூட் சாப்பிட்டா ஒண்ணுக்கு நிறம் மாறுமுங்களா சார்?" என்று கேட்டார்.

"மாறும் தம்பி, சிலருக்கு மாறும்" என்றார் மூத்தவர்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இளையவர் அன்று பீட்ரூட் சாப்பிடவில்லை. அன்று முழுவதும் இருவரும் ஒன்றாகவே உண்டோம். மூத்தவருக்கு அது தெரியும். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குத் தசை சிதைந்து, அதன் நிறமி இரத்தத்தில் கலந்து, சிறுநீர் கறுத்துவரும் என்று அவர் படித்திருந்தார். 1941இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்கடியில் பலமணி நேரம் சிக்கி மீட்கப்பட்டவர்கள், பிழைத்துவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்கையில் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பைவாட்டர்ஸ், பீல் என்னும் இரு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறுவது சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. இடிபாடு மேலே விழ வேண்டும் என்பதில்லை, அளவுக்கு மீறிய ஓட்டமும் தசையைச் சிதைக்கும். அந்நேரத்தில் வலி மாத்திரை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தை மேலும் குறைத்துவிடும். இத்தனையும் படித்தவர்தான் மாத்திரை கொடுத்தார், 'மாறும்' என்றார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. 52 வயதில் அடுத்தடுத்த நாள்களில் ஓடியவன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை.

இளையவரின் பங்கையும் மறைக்கலாகாது. அவர் கேள்வியைப் பீட்ரூட்டுக்குள் பொதிந்து கேட்டதே, மறுக்கப்படக்கூடாது என்பதற்காக. ஷிப்மெண்ட் நாள்களில் இரண்டு இரவுகள் தொடர்ந்து கட்டிங் மேசையருகே நின்றவர் அவர். உடம்பு ஏதேனும் சொன்னால் சரக்கு போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் பதினாறு வயதில் அடுக்கிக் கட்டும் வேலையில் சேர்ந்தபோதே கற்றுக்கொண்ட பாடம்.

ஞாயிறு விடியுமுன் மூன்றரைக்குப் பைக்கில் கிளம்பினோம். தைப்பூசத்துக்கு நான்கு நாள்களே இருந்தன. பல்லடம் தாண்டியதும் சாலையோரம் நெடுக முருக பக்தர்கள் பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பச்சை வேட்டிகள், தோளில் காவடி, முதுகுப் பையில் ஒட்டிய ஒளிரும் பட்டைகள், செருப்பில்லாத கால்கள். ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, ஒரு பாட்டி எங்கள் அரைக்கால் சட்டைகளைப் பார்த்து, "நீங்களும் பழனிக்குங்களா சாமி?" என்றார். "இல்லீங்க ஆத்தா, திருமூர்த்தி மலைக்குங்க" என்றார் இளையவர். "நடந்துங்களா?" "ஓடிங்க." பாட்டி, "அவசரமுங்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதிலில்லை.

உடுமலையிலிருந்து மலையடிவாரம் வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே நல்ல சாலை. முதல் நான்கு கிலோமீட்டர் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவே இருந்தது. அதன்பின் இளையவர் பின்தங்கினார். ஆறாண்டுகளில் ஒருமுறைகூட அவர் மூத்தவருக்குப் பின்னால் ஓடியதில்லை. மூத்தவர் அதைக் கவனித்தார். வெட்கத்தோடு எழுதுகிறோம், சற்றே மகிழ்ந்தும் கொண்டார். ஒன்பதாம் கிலோமீட்டரையொட்டிப் பி.ஏ.பி. வாய்க்கால் ஒன்று சாலையைக் கடக்குமிடத்தில் இளையவர் கரையோரம் ஒதுங்கினார். திரும்பி வந்தவரின் முகம் வெளிறியிருந்தது.

"சார், கருப்பட்டிக் காப்பியாட்டம் வருதுங்க."

மூத்தவர் நின்றார். "நேத்தும் அப்படித்தானே?"

"நேத்து டீ மாதிரி."

"எனக்குத் தெரியும் தம்பி. நேத்தே தெரியும்."

இளையவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை. "எனக்குமுங்க" என்றார். இருவரும் வாய்க்கால் மதகுமேல் உட்கார்ந்தோம். எங்களைக் கடந்து ஓடியவர்கள் 'வாங்க, வாங்க' என்று ஊக்கப்படுத்திவிட்டுப் போனார்கள். தண்ணீர் கொடுக்கும் இடத்திலிருந்த இளைஞர்கள் பத்து நிமிடங்களில் ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள்.

மருத்துவமனையில் கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதியை அளந்தார்கள். இருநூற்றுச் சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது இருபத்தெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. மூன்று நாள்கள் இடைவிடாமல் உப்புநீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. எத்தனை மாத்திரை, எப்போது, யார் கொடுத்தது என்று மருத்துவர் கேட்டபோது மூத்தவர் கையை உயர்த்தினார், வகுப்பில் மாணவன் உயர்த்துவதுபோல. மருத்துவர் அவரைத் திட்டவில்லை. குறித்துக்கொண்டார்.

இளையவரின் மனைவி இரண்டாம் நாள்தான் பேசினார். ஓவர்லாக் ஓட்டுபவர், பொங்கல் விடுமுறையில் கிடைத்த ஒரே வாரமும் மருத்துவமனையில் கழிந்தது. "ஞாயித்துக்கெழமையாச்சும் ஊட்ல இருங்கன்னு சொன்னேனுங்க சார். கம்பெனிக்காரன் நிக்க வெச்சா கேக்க முடியாது. இதுல யாரு நிக்கச் சொன்னாங்க?" மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் இருந்தவர் கண்களை மூடிக்கொண்டார்; தூங்கவில்லை.

இளையவர் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. மூன்று சனிக்கிழமைச் சம்பளமும் போயிற்று. அதில் ஒரு பகுதியை ஈடுசெய்ய மூத்தவர் நீட்டிய உறையை அவர் மனைவி வாங்கிக்கொண்டார். இளையவருக்கு அது பிடிக்கவில்லை. பின்னர் அதைப் பற்றிப் பேசவுமில்லை. ஞாயிறு ஓட்டத்துக்கு முன்கூட்டியே கொடுத்திருந்த டி-சர்ட்டின் நெஞ்சில் 'முடித்தவர்' என்று அச்சிட்டிருந்தது. அதை அவர் பிசிறு துடைக்கக் கிழித்துவிட்டார். மூத்தவருடையது மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது.

ஜூன் மாதத்திலிருந்து மீண்டும் மைதானத்துக்கு வருகிறோம். ஐந்து கிலோமீட்டர், சில நாள் எட்டு. கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தியதும் மூத்தவர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன நிறம் தம்பி?" என்பதுதான். நடக்க வருபவர்கள் இதை ஏதோ துணிச் சாயம் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். இளையவர் சிரிப்பதில்லை. நிறத்தைச் சொல்லிவிட்டு, "உங்களுதுங்க சார்?" என்று திருப்பிக் கேட்டு, அதற்கும் விடை வந்த பிறகே ஓடத் தொடங்குகிறார்.