நஞ்சராயன் குளத்துக்கு யார் காவல்?



திருப்பூர் என்றதும் உங்களுக்குப் பனியன் கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஊத்துக்குளிப் பக்கம், வரித்தலை வாத்து வந்திறங்கும் ஒரு குளமும் இங்கே உண்டு. நல்லாற்று மழைவெள்ளத்தை நம்பியிருக்கும் நஞ்சராயன் குளம், 125.865 ஹெக்டேர். 2022இல் பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சரணாலயம் என்ற சொல் வேறு மாதிரி கேட்கும்: வீடு கட்டலாமா, மாடு மேய்க்கலாமா, நாளைக்கு நிலம் விலை போகுமா? வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. மறு ஏப்ரலில் அந்த நீதிமன்றமே அதைத் தளர்த்த வேண்டி வந்தது.

குளத்துக்கு உண்மையான காவல் இந்தத் தோட்டக்காரர்கள்தான் என்பது என் கட்சி. அத்தாட்சியை நொய்யல் ஆற்றில் பாருங்கள். பருத்தியில் சாயம் பிடிக்கச் சாயப்பட்டறைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். கழிவுநீரில் நிறத்தை எடுத்தாலும் உப்பு போகாது. அது ஆற்றோடு இறங்கி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவுத் தொட்டியாக்கியது. கிணறுகள் கெட்டன. வழக்குப் போட்டவர்கள் பறவை ஆர்வலர்கள் அல்லர், நொய்யல் பாசன விவசாயிகளான ஆயக்கட்டுதாரர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அவர்கள் விடாமல் நடத்திய வழக்கில்தான். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறை இங்கே காலூன்றியதற்கும் அந்த நெருக்குதலே காரணம். வேடந்தாங்கலிலும், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊரார், பறவைகளைச் சுடக்கூடாதென்று 1798லேயே கலெக்டரிடம் கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, வாங்கி வைத்தார்கள். வனத்துறை பிறக்காத காலம் அது!

அப்படியானால் தோட்டக்காரர்களுக்குக் குளத்தில் உரிமை என்று விட்டால் குளம் பட்டாவாகும், பட்டா சைட்டாகும் என்பார்கள். திருப்பூர் நில விலைக்கு இந்தச் சந்தேகம் நியாயமானதே. விவசாயியும் பூச்சிமருந்து அடிக்கிறார், ஆக்கிரமிக்கிறார்; மறுக்கவில்லை. ஆனால் ஆக்கிரமிப்புக்குத் தோதானது எழுதிவைத்த உரிமையா, யாருக்கும் தெளிவில்லாத எல்லையா? தண்ணீரில் தனக்குப் பாத்தியதை உண்டென்று காகிதத்தில் உள்ளவர், வாய்க்காலை மூடி மனை போடுபவனைச் சும்மா விடமாட்டார். எதுவும் கிடையாது என்று விரட்டப்பட்டவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்? 1972 வனவிலங்குச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது: கலெக்டர் உரிமைகளை விசாரிக்க வேண்டும்; தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து சிலவற்றைத் தொடர விடலாம். மருந்தடிப்பைக் குறைப்பது தனிப் பேச்சு, அது வேளாண்மைத் துறையோடு பேச வேண்டியது.

எல்லைக்கல் நடும்போது சர்வேயரோடு ஆயக்கட்டுக்காரர்களும் நிற்கட்டும். மீன் குத்தகை, மேய்ச்சல், வண்டல் எடுப்பதில் எது தொடரும், எது நிற்கும் என்று எழுதி கிராம சபையில் படிக்கட்டும். பறவை பார்க்கும் கோபுரத்தை அதற்கப்புறம் கட்டிக்கொள்ளலாம்.