வேலும் வீரனும்

என் பெயரன் கணிப்பொறியில் ஆடுதற்குரிய போர் விளையாட்டு ஒன்றைத் தானே வகுத்து வருகின்றான். படைக்கலங்களுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டி ஒருநாள் என்பால் வந்தான். "நின் வீரன் எவ்வாறு தோன்றுவான்?" என வினவினேன். அவன் 2002ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் வார்கிராப்ட் விளையாட்டைக் காட்டினான். அதில் 135 பொன் செலுத்தினால் பாசறையினின்று காலாள் ஒருவன் வாளும் கேடயமும் ஏந்தியே வெளிப்படுகின்றான். கொல்லன் உலைக்களமும் அங்கு உண்டு. ஆயினும், முன்னரே உள்ள வாள்களின் வன்மையை மிகுவிப்பதே அதன் தொழில்.

"தம்பி, வாளோடு பிறந்த பிள்ளையும் உண்டோ?" என்றேன். புறநானூற்றில் பொன்முடியார், மகனை உருவாக்கும் பொறுப்பைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்னும் நால்வர்க்கும் பகுத்துரைத்தமையை எடுத்துரைத்தேன்.

அன்றிரவே அவன் கணக்கை மாற்றினான். இரும்பும் கரியும் உலைக்களம் சேர்ந்தால் வேல் உண்டாகும். உழவன் ஒருவன் பாசறை புகுந்து பயின்றால் வீரனாவான். அவன் விட்டுச்சென்ற வயலில் விளைவு குன்றும்.

மறுவாரம் நானும் ஆடினேன். வேல்கள் குவிந்தன, ஏந்துவார் இலர். முதியோனாகிய எனக்கும் பொறுமை இல்லை! பயிற்சி முடியாத பன்னிருவரை எல்லைக்குப் போக்கினேன். ஒருவனும் மீளவில்லை. களத்தில் கிடந்த வேல்களைப் பெயரன் எண்ணினான்.

"பன்னிரண்டும் பழுதில்லை, தாத்தா. வேறு பன்னிருவரை அனுப்பலாமே!" என்றான்.

ஊரில் பன்னிரண்டு வயல்கள் தரிசாய்க் கிடந்தன. எனக்குக் கை எழவில்லை.

படைக்கலப் பெயர்களை அவன் மீண்டும் கேட்டான். உழவர்க்கு முதலில் பெயரிடுவோம் என்றேன்.