அதே அளவு டர்போ

என்னிடம் இருப்பது 2004ஆம் வருடத்து சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். இரண்டு லிட்டர் எஞ்சின், எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள், ஒரு டர்போ. புதிதாக விற்றபோது 227 குதிரைத்திறன். பானெட்டின் மேல் மூக்கு மாதிரி ஒரு துவாரம் இருக்கும். அது டர்போவுக்குக் காற்று போகும் வழி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கீழே இருக்கும் இன்டர்கூலரைக் குளிர்விக்க. ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில், டெஸ்லாக்களுக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்தால் ஐடி கம்பெனிக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் போல இருக்கும்.

நான் நான்காவது உரிமையாளன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஆயில் மாற்றியதற்கு ஒரு ரசீதுகூடக் காட்டவில்லை. அதற்காக விலையைக் குறைத்தார். டர்போ அதிக நாள் தாங்காது என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். இரண்டாவது குளிர்காலத்தில் நீலப்புகை வந்தது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். காற்று வரும் குழாயைக் கழற்றி, கம்ப்ரஸர் சக்கரத்தின் நுனியை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கலாம், அது குற்றமில்லை. எஞ்சின் ஓடும்போது அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம்தான் நிரப்பி, தண்டை நடுவில் மிதக்க வைக்கிறது. ஆனால் முன்னும் பின்னுமாக, கையில் உணரும்படி ஆட்டம் இருக்கவே கூடாது. இதில் இருந்தது. சக்கரத்தின் இறக்கைகள் கூட்டின் சுவரைத் தொட்டு, வெள்ளிக் கோடு போட்டிருந்தன.

அப்போதுதான் இந்தக் காரை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் வரும் கேள்வி எனக்கும் வந்தது. எப்படியும் கழற்றப் போகிறோம், பெரிய டர்போவாகவே போட்டுவிடலாமே?

அலுவலகத்தில் ஒரு நண்பர் இருக்கிறார், மதுரைக்காரர். அவரிடமும் இதே வருடத்து வண்டி. அவர் எப்போதோ கம்பெனி டர்போவைத் தூக்கிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டிவிட்டார். போர்ட்லண்ட் இன்டர்நேஷனல் ரேஸ்வேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். நாலாயிரம் ஆர்.பி.எம். வரை சாதாரண கார். அதற்குமேல் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி, நெஞ்சு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. நேர்ச்சாலையின் கடைசியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், நானும்தான். அந்தச் சுகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெரிய டர்போ வேண்டும் என்பவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று பேசுகிறவர்கள் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த நாலாயிரம்தான் விஷயம்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். ஒன்றை எக்ஸாஸ்ட் வாயு சுற்றுகிறது, மற்றது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பியூக்கி இதற்கு 1905இல் காப்புரிமை வாங்கினார். வீணாகப் போகும் புகையில் இருக்கும் சக்தியைத் திரும்பப் பிடிக்கும் யோசனை. சக்கரம் பெரிதானால் நிறையக் காற்றைத் தள்ளும். ஆனால் அதைச் சுழற்றிவிட நிறையப் புகை வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். டர்பைன் கூட்டின் மேல் ஏ/ஆர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும் இல்லையா, சின்ன ஏ/ஆர் அப்படி. குறைந்த புகையிலேயே சக்கரம் சீக்கிரம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால் மேலே போகப்போக அதே இறுக்கம் எஞ்சின் மூச்சு விடுவதைத் தடுக்கும். விரலை எடுத்தால் தண்ணீர் நிறைய வரும், ஆனால் காலடியிலேயே விழும்.

ஆக டர்போவைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் எவ்வளவு சக்தி என்று முடிவு செய்வதாக நினைக்கிறோம். உண்மையில் எப்போது என்று முடிவு செய்கிறோம்.

எனக்குக் கணக்கு போடாமல் எதையும் வாங்க வராது. தொழில் அப்படி. இரண்டு லிட்டர் எஞ்சின் 6000 ஆர்.பி.எம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6000 லிட்டர் காற்றை இழுக்க இடம் தருகிறது. முழுதாக நிறையாது, தொண்ணூறு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண காற்றழுத்தத்தில் அது ஆறரை கிலோ. டர்போ அழுத்தத்தை 1.9 மடங்காக்கினால், சூடான காற்றை இன்டர்கூலர் குளிர்வித்தபின் அடர்த்தி சுமார் 1.7 மடங்கு. நிமிடத்துக்குப் பதினோரு கிலோ காற்று! ஊரில் சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் 14.2 கிலோ, கிட்டத்தட்ட அந்த எடைக்கு இந்தச் சின்ன எஞ்சின் ஒரு நிமிடத்தில் காற்றை விழுங்குகிறது. நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்றுக்கு இருபது, இருபத்தோரு குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. பெருக்கிப் பாருங்கள், 227க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் தடவை இந்தக் கணக்கு பொருந்தி வந்தபோது ராத்திரி பதினொன்றரை மணி. யாரிடம் போய்ச் சொல்வது?

இதற்குப் பிறகு கம்ப்ரஸர் மேப். படுக்கைக்கோட்டில் காற்றின் அளவு, நிற்கும் கோட்டில் அழுத்த விகிதம். நடுவில் தீவுகள் மாதிரி வட்டங்கள், உள்ளே போகப்போகத் திறன் அதிகம். இடது ஓரத்தைத் தாண்டினால் காற்று பின்வாங்கித் திணறும், அதற்கு சர்ஜ் என்று பெயர். வலது ஓரத்தில் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் காற்று அதிகமாக வராது, சூடுதான் ஏறும். நம் வண்டி ஓடும் நிலைகளைப் புள்ளிகளாக அதன்மேல் வைத்தால் எந்த டர்போ நமக்கு என்று தெரிந்துவிடும். வண்டியிலிருந்து ஆறு மாதம் எடுத்த பதிவுகள் என்னிடம் இருந்தன. ராம்ரெய்டர் என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, சுபாருவின் எஞ்சின் கணினியைப் படிக்கவும் அட்டவணைகளைத் திருத்தவும். அந்தப் பதிவுகளைக் கொட்டிப் படம் வரைந்தேன். என் வாழ்க்கையில் பெரும்பகுதி 2200க்கும் 3800க்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. நெடுஞ்சாலை 26இல் காலையில் போர்ட்லண்ட் பக்கம் போவது, மாலையில் திரும்புவது, வார இறுதியில் கடற்கரை அல்லது மலை. நாலாயிரத்துக்கு மேலே ஊற்றெடுக்கும் டர்போவை வாங்கினால், அது விழித்துக்கொள்ளும்போது நான் பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டேன்.

போதாததற்கு, பெரிய டர்போ தனியாக வருவதில்லை. அதிகக் காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும், எனவே பெரிய இன்ஜெக்டர்கள், பெரிய பம்ப். பிறகு இன்டர்கூலர். கிளட்ச் வழுக்கும், அதையும் மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் மொத்தச் சுமையும் ஐந்து கியர் பெட்டியின் பற்களில் போய் உட்காரும். அந்தப் பெட்டியைக் கண்ணாடி என்று இந்த வண்டிக்காரர்கள் கேலி செய்வது சும்மா இல்லை. ஒரு லைப்ரரியைப் புதுப்பிக்கப் போய் நாற்பது பொருட்கள் உடைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சட்டப் பிரச்சினை ஒன்றும் உண்டு. இந்த வருடங்களில் அமெரிக்காவில் விற்ற டபிள்யூஆர்எக்ஸில் டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயிலேயே ஒரு சிறிய வினையூக்கி மாற்றி உண்டு. அது நொறுங்கினால் துண்டுகள் நேராக டர்பைனில் போய் அடிக்கும் என்பதால் பலர் அந்தக் குழாயையே மாற்றிவிடுகிறார்கள். சாலையில் ஓட்டும் வண்டியில் அதை நீக்குவது இங்கே மத்திய சட்டப்படி குற்றம். அங்கே இருக்கும் வெப்ப சென்சாரை ஒரு ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றுவார்கள். டெஸ்ட் தோற்கிறது என்று டெஸ்டையே பொய் சொல்ல வைப்பது. வேலையில் அதைச் செய்தால் ரிவ்யூவில் கிழிப்பேன். என் குழாயைக் கழற்றி விளக்கு அடித்துப் பார்த்தேன், உள்ளே தேன்கூடு முழுசாக இருந்தது. அப்படியே விட்டேன்.

அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். டர்போ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். 1998இல் திம்பம் மலைப்பாதையில், சரக்கோடு ஏறும்போது அவர் வண்டியின் டர்போ போய்விட்டது. கொண்டை ஊசி வளைவுகள் 27. எத்தனையாவதில் போனது என்று இன்றைக்கும் சொல்வார், பத்தொன்பது. இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். அந்த மாதம் வீட்டில் எப்படிப் போனது என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அதன்பிறகு அவரிடம் ஒரு விதி வந்தது. எவ்வளவு அவசரமானாலும், வண்டியை நிறுத்தியபின் ஒரு பீடி முடிகிற வரை எஞ்சின் ஓட வேண்டும். பீடியை விட்டபிறகும் அந்தக் கணக்கை விடவில்லை.

விதிக்குக் காரணம் உண்டு. டர்பைன் பக்கம் தொள்ளாயிரம் டிகிரி வரை போகலாம். தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல். எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், சூடு மட்டும் அங்கேயே தங்கும். நின்ற எண்ணெய் கருகிக் கரியாகி, அடுத்த முறை எண்ணெய் வரும் வழியை அடைக்கும். எண்ணெயை மட்டும் நம்பியிருந்த டர்போக்களுக்கு அந்த ஒரு பீடி நேரம் உயிர். ஆனால் என் வண்டியின் டர்போவைச் சுற்றித் தண்ணீரும் ஓடுகிறது. குளிர்நீர்த் தொட்டி டர்போவைவிட உயரத்தில் இருப்பதால், எஞ்சின் நின்ற பிறகும் சூடான நீர் மேலே ஏற, ஆறிய நீர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தனியாகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் சுபாருவின் நிலைப்பாடு. இதை வீடியோ காலில் அப்பாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“தண்ணி ஓடுதா? அப்பச் சரி சாமி, அணைச்சுக்கோ” என்றார். பிறகு, “ஆயில எத்தன நாளைக்கொருக்கா மாத்தற?”

அதுதான் கேள்வி. அமெரிக்காவில் உற்பத்தியான முதல் டர்போ கார்களில் ஒன்று 1962இன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். எஞ்சின் தட்டாமல் இருக்க, டிஸ்டில்டு வாட்டரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். கார்க்காரர்கள் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்ட்டும் இருக்காது. கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள். பொறியியலில் அழகான தீர்வு, ஆனால் அதை வாங்கியவர்களோ பெட்ரோலைத் தவிர வேறெதையும் ஊற்றிப் பழகாதவர்கள்.

நான் பழைய டர்போவின் அதே மாடலை, டிடி04ஐ, புதிதாக வாங்கினேன். சந்தையில் இதே பெயரில் கால்வாசி விலைக்குக் கிடைப்பதையும் பார்த்தேன். ஒன்றரை லட்சம் சுற்று சுற்றப் போகும் சக்கரத்தின் சமநிலையில் காசு மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாட்டும் வேலை ஒரு சனி, ஞாயிறு. கடினமான பகுதி துருப்பிடித்த போல்ட்டுகள், அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. முக்கியமான பகுதி சின்னது. டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய். எண்ணெய் மாற்றாத வண்டிகளில் இது அடைத்துக்கொள்ளும், டர்போ தாகத்தில் சாகும். என்னுடையதில் பாதி அடைப்பு, கறுப்புப் பிசின் மாதிரி. இதைப் பார்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் அதே வழியில் போகும். எண்ணெய்க் குழாயைப் புதிதாகப் போட்டேன். இன்டர்கூலருக்குள் தேங்கியிருந்த எண்ணெயைக் கழுவினேன். முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினைச் சுற்றவிட்டேன், எண்ணெய் அழுத்த விளக்கு அணைகிற வரை. காய்ந்த பேரிங்கில் தண்டு சுழலக் கூடாது. முதல் சில நொடிகள்தான் அதன் மொத்த ஆயுளிலேயே ஆபத்தானவை. இப்போது மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை சிந்தெடிக் ஆயில் மாற்றுகிறேன். தேதியும் மைலும் ஒரு நோட்டில் இருக்கின்றன, அப்பாவின் ட்ரிப் ஷீட் மாதிரி கட்டம் போட்டு.

“என்ன பாஸ், இவ்வளவு பிரிச்சுட்டு மறுபடியும் அதே சட்டியா?” என்று மதுரை நண்பர் கேட்டார். அவரிடம் மேப்பைக் காட்டினேன். பார்த்துவிட்டு, கணக்கு சரிதான், ஆனால் கணக்கு போட்டா கார் வாங்கறோம் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் அவர் வண்டியில் மூன்றாவது கியர் பல் போய்விட்டது. புதுப் பெட்டி வர ஆறு வாரம். என் வண்டியில் மவுண்ட் ஹுட் பக்கம் போனோம். கவர்ன்மென்ட் கேம்ப் கிட்டத்தட்ட 1200 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது. சிலிண்டருக்குள் கீழே இருந்த அதே அழுத்தம் வேண்டுமென்றால் டர்போ 1.9க்குப் பதிலாக 2.2 மடங்கு அழுத்த வேண்டும், இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அது எல்லை மீறாமல் இருக்க எஞ்சின் கணினி உயரத்தைப் பார்த்து பூஸ்ட் இலக்கைத் தானே குறைக்கும். நண்பர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் எண்ணை வாசித்தபடி வந்தார். 2800இல் ஏற்றத்தில் கால் வைத்தேன். இழுத்தது. “இவ்ளோ சீக்கிரமாவா?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, இந்த டேபிளில் மூன்றாவது வரிசை கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்திருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, இருவரும் அந்த வரிசையைப் பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.