கூண்டும் கதவும்

சென்ற மாதம் எம் இல்லத்திற்கு இரண்டு மாத நாய்க்குட்டியொன்று வந்தது. ஆங்கில நூலொன்றைப் படித்து, அது நிற்கவும் திரும்பவும் படுக்கவும் போதுமான கூண்டொன்று செய்வித்தேன். ஆயினும், பொறுமையின்றி முதலிரவே கதவைத் தாழிட்டேன். அது இரவெல்லாம் அழுது, படுத்த இடத்தையே நனைத்தது. சினந்து கையை ஓங்கினேன்.

"பச்சைக் குழந்தை விடியும்வரை அடக்குமா, அத்தான்?" என்றாள் மனைவி.

நாணினேன். அவ்வயதுக் குட்டி 2 மணி நேரத்திற்குமேல் அடக்குவது அரிதென்று யானும் படித்திருந்தேனன்றோ!

மறுநாள் முதல் கதவைத் திறந்தே வைத்து, உணவை உள்ளே இட்டேன். உண்டதும், உறங்கி எழுந்ததும், நள்ளிரவிலும் வெளியே கொண்டுசென்றேன். கூண்டு என் கட்டிலருகே வந்தது. மூன்றாம் வாரம் குட்டி தானே உட்புகுந்து உறங்கிற்று.

அன்பர்களே, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் இக்கிராணியின் குரலும் இப்போது சற்றே தணிந்திருக்கிறது.