மாமாவின் வளித்துவக்கு

கலைப்பீடத்து வரலாற்று மாணவன் ஒருவன் துவக்கைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைப்பர். நகைக்கட்டும்.

சென்ற ஆண்டு விடுமுறையை இங்கிலாந்தில் மாமாவுடன் கழித்தேன். 1995 இடப்பெயர்வுக்குப் பின் நாட்டை விட்டு நீங்கியவர் அவர். இப்பொழுது நாட்டுப்புறத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் வேலை. தீன் களஞ்சியத்து எலிகளைச் சுடுவதற்கெனப் பழைய வளித்துவக்கு ஒன்றை வாங்கியிருந்தார். துவக்குக்கு அஞ்சி ஓடியவர் துவக்கோடு இருப்பதைக் கண்டு எனக்கு உள்ளூரச் சினமே எழுந்தது.

முதல்நாள் அவர் அதனைச் சுட்டபோது என்னையறியாமலே நிலத்தில் குந்திவிட்டேன். 2009 இல் வன்னியிலே பங்கருக்குள் கிடந்தபோது எனக்கு ஏழு வயது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று கருவிப்பெட்டியை எடுத்து வந்தார்.

இத்துவக்கில் வெடிமருந்து இல்லை. குழலின் கீழுள்ள உருளையில் 200 பார் அமுக்கத்தில் வளி அடைக்கப்பட்டிருக்கும். மோட்டார் வண்டி ரயரில் உள்ளதிலும் ஏறத்தாழ நூறு மடங்கு. (1780 அளவிலேயே ஆஸ்திரியப் படை வளித்துவக்கைக் கையாண்டது. அதில் துவக்கின் அடிப்பிடியே வளிக்கலம்.) விசையை இழுத்ததும், வில்லால் உந்தப்பட்ட சிறு சுத்தியல் வால்வை அடிக்கிறது. வால்வு கண்ணிமைப்பதற்குள் திறந்து மூடுகிறது. வெளிப்பட்ட வளி ஈயக்குண்டைத் தள்ளிச் செல்கிறது.

"சத்தம் எண்டது வீணாப் போற காத்துத்தான், தம்பி" என்றார் மாமா.

குண்டு குழலை விட்டகன்ற பின்னும் வால்வு திறந்திருந்தால், பின்னால் வரும் வளிக்கு வேலையில்லை. அது குழல்வாயில் வெடித்துக் கலைகிறது. துவக்கை முன்னர் வைத்திருந்தவர் வலுவை வேண்டி வில்லை இறுக்கியிருந்தார். அவருக்குக் கிடைத்தது சத்தம் மட்டுமே.

மாமா வேகமானியை முன்னே வைத்து, வில்லைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் தளர்த்தினார். ஒவ்வொரு முறையும் ஐந்து வெடி. எண்களைக் குறிப்பது என் பணி. சத்தம் குறைந்தது, வேகமோ குறையவில்லை. எனக்கு வியப்பாயிருந்தது. மேலும் தளர்த்த, வேகம் சரியத் தொடங்கிற்று. அவ்விடத்தில் நிறுத்திக் காற்சுற்றுத் திரும்ப இறுக்கினார். ஒரு கிராம் குண்டு, செக்கனுக்கு 175 மீற்றர். ஏறக்குறைய 15 யூல். அந்நாட்டில் 12 அடி-இறாத்தலை, அதாவது 16 யூலுக்குச் சற்று மேற்பட்ட அளவை, மீறும் வளித்துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இவ்வலு எலிக்குப் போதும். இதனிலும் குறைந்தால் அது குற்றுயிராய் வளைக்குள் ஊர்ந்து கிடந்து சாகும், அது பாவம் என்றார்.

பின்னர் குழல்வாயில் ஒலிதணிப்பான் ஒன்றைத் திருகினார். எஞ்சியது சுத்தியலின் சிறு ஓசையும், பலகையில் ஈயம் படும் ஓசையுமே. கோழிகள் தலை திருப்பவில்லை. என் கைகள் நடுங்கினவெனினும் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிரவுதான் விடயம் வெளிவந்தது. முன்பு பண்ணை உரிமையாளர் தோட்டாத் துவக்காலே எலிகளைச் சுடுவாராம். "ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சு பதறும். நான் செய்யிறன் எண்டு கேட்டு வாங்கினன்" என்றார் மாமா. சற்றுப் பொறுத்து, "கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றும் சொன்னார்.

சொல்லவில்லை. இம்மலர் வீட்டுக்குப் போனால் அம்மா அறிந்துகொள்வார்.